விளைநிலத்தைத் தரிசாகப் போட்டுவைக்க விவசாயிக்கு அரசு பணம் தரலாமா?

தாராளமாகத் தரலாம். ஆனால் அந்தப் பணம் யார் கையில் போய்ச் சேருகிறது என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நான் இருப்பது டெல்லி மயூர் விகாரில். கொஞ்ச தூரம் நடந்தால் யமுனைப் படுகை, அங்கே ஒரு அம்மாவிடம்தான் பாலக்கீரையும் முள்ளங்கியும் வாங்குவேன். குழாய்த் தண்ணீரில் மண் போக அலசி, வைக்கோல் புரியால் கட்டி, ஈரம் சொட்டச் சொட்டக் கையில் தருவார். யமுனை சுத்தமாகும்வரை படுகையில் உணவுப் பயிர் எதுவும் போடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொல்லிவிட்டது. 2023 ஜூலையில் வெள்ளம் வந்து ஆற்றின் நீர்மட்டம் (கடல் மட்டத்திலிருந்து கணக்கு) 208.66 மீட்டர் தொட்டபோது படுகைக்காரர்கள் சாலையோரக் கூடாரங்களில் கிடந்ததையும் பார்த்தேன். ஆற்றுக்கு இடம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அம்மா ஒருநாள் கேட்டார்: "பயிர் போடாதே என்கிறார்கள், சரி பையா, நாங்கள் எதைச் சாப்பிடுவது?"

அமெரிக்காவில் இதற்கு 1985 முதலே ஒரு திட்டம் இருக்கிறது. மண் அரிக்கும் நிலத்தையும் ஓடைக்கரை நிலத்தையும் 10 முதல் 15 வருஷத்துக்கு உழாமல் விட்டு, புல்லோ மரமோ வளர்க்க விவசாயி ஒப்பந்தம் போடுவார். அந்த வட்டாரத்தில் மானாவாரி நிலத்துக்கு என்ன குத்தகை ஓடுகிறதோ அதை ஒட்டி அரசு வருஷாவருஷம் வாடகை கொடுக்கும், நடவுச் செலவிலும் பங்கு தரும். 2007இல் 3.68 கோடி ஏக்கர்வரை இதில் இருந்தது. அப்புறம் மக்காச்சோளம் விலை ஏறியதும், ஒப்பந்தம் முடிந்த நிலம் நிறைய மறுபடி உழவுக்குப் போய்விட்டது. விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன், விளைச்சல் தரும் காசுக்குப் பக்கத்திலாவது வாடகை வர வேண்டாமா?

பக்கத்து ஹரியானாவிலும் நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2020இல், நெல்லை விட்டு மக்காச்சோளம், பருத்தி, பருப்பு என்று மாறினால் ஏக்கருக்கு 7000 ரூபாய் என்றார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் நெல்லை ஆதரவு விலைக்கு அரசே எடுத்துக்கொள்ளும் ஊரில், மாற்றுப் பயிருக்கும் அதே உறுதி இல்லாமல் 7000 ரூபாயை மட்டும் நம்பி எத்தனை பேர் வருஷக்கணக்கில் மாறி நிற்பார்கள்?

எனக்குப் பெரிய கவலை குத்தகைதாரர் பற்றித்தான். பிஎம் கிசான் 6000 ரூபாயே நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வருகிறது. தரிசு வாடகையும் அப்படியே போனால் நில உரிமையாளருக்கு உழாமலே வருமானம், உழுதவருக்கு வேலையும் இல்லை, காசும் இல்லை. படுகையில் பாதிப் பேரின் குத்தகை வாய்ப்பேச்சுதான், காட்டுவதற்கு ஒரு காகிதம் கிடையாது. நம் ஊர்ப்பக்கமும் இதே கதைதானே. அதனால் நிலத்தை அளக்கும் முன்னால் யார் உழுகிறார் என்று ஊருக்குள் போய் விசாரித்து எழுத வேண்டும், வாடகையில் அவருக்கும் பங்கு வேண்டும், புல் விதைக்கவும் மரம் நடவும் வரும் கூலி வேலை முதலில் அவருக்கே போக வேண்டும். அந்த அம்மாவுக்குப் படுகையில் எந்த மேடு எப்போது முழுகும் என்று அத்துப்படி, அங்கே நாணல் வளர்க்க அவரைவிடத் தோதான ஆள் கிடைக்காது.