டேபிளில் எண்கள் நேராக நிற்க என்ன செய்வது?

கேள்வி: எங்கள் தளத்தின் அறிக்கைப் பக்கத்தில் எண்களை வலப்பக்கம் ஒட்டி அடுக்கியும் இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதில்லை. அங்கேயே ஓடும் நேரங்காட்டியும் நொடிக்கு நொடி ஆடுகிறது. ஃபான்ட்டையே மாற்ற வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் தேவையிருக்காது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: உங்கள் ஃபான்ட்டில் 1 ஒடுங்கியும் 0, 8 அகன்றும் இருக்கின்றன. தொடர்ந்து வாசிக்கும் பத்திக்கு அது நல்லது, டேபிளுக்கு ஆகாது. ஆகவே எண் கட்டங்களுக்கும் நேரங்காட்டிக்கும் மட்டும் சி.எஸ்.எஸ்.ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) ஃபான்ட்-வேரியன்ட்-நியூமரிக் பண்பில் டேபுலர்-நம்ஸ், லைனிங்-நம்ஸ் ஆகிய இரண்டு மதிப்புகளையும் கொடுங்கள். நிரலில் அவற்றுக்கு நடுவே கமா வரக்கூடாது, இடைவெளி போதும். முதலாவது இலக்கங்களுக்கு ஒரே அகலம் தரும், இரண்டாவது ஒரே உயரம். தசமப் புள்ளிகளும் நேராக வர, 12.5 என்பதை 12.50 என்றே காட்டுங்கள்.

எழுதியும் எதுவும் மாறவில்லையா? சி.எஸ்.எஸ். கேட்கத்தான் முடியும், மாற்று வடிவம் ஃபான்ட் கோப்புக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ப்ரௌசர் பிழை எதுவும் காட்டாமல் பழையபடியே வரையும். 1111, 0000 இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் இட்டுப் பாருங்கள். நீளம் வேறுபட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, அளவைக் குறைப்பதற்காக வேண்டாதவற்றை நீக்கிக் கத்தரித்த ஃபான்ட் கோப்பைத்தான். இப்படிக் கத்தரிக்கும் பைஎஃப்டிசப்செட் கருவி, சொல்லாவிட்டால் மேற்சொன்ன ஒரே அகலத்துக்கும் ஒரே உயரத்துக்குமான டிநம், எல்நம் என்ற ஓப்பன்டைப் (ஃபான்ட் கோப்பு வடிவம்) அம்சங்களை நீக்கிவிடும். அந்தக் கருவியின் லேஅவுட்-ஃபீச்சர்ஸ் விருப்பத்துக்கு நட்சத்திரக் குறி கொடுத்து மறுபடி கத்தரியுங்கள்.

அடுத்து, அதே கட்டத்துக்கு வேறெங்காவது ஃபான்ட் என்ற சுருக்கப் பண்பு (பல ஃபான்ட் பண்புகளை ஒரே வரியில் அமைப்பது) இருக்கிறதா என்று தேடுங்கள். பின்னால் வரும் அந்த ஒரு வரி, நீங்கள் கொடுத்த எண் வடிவத்தைச் சத்தமில்லாமல் நார்மலுக்குத் திருப்பிவிடும். தமிழ்ப் பக்கங்களில் இன்னொன்றும் உண்டு: எழுத்து ஒரு ஃபான்ட்டிலிருந்தும் இலக்கம் வேறொன்றிலிருந்தும் வரலாம். எந்த ஃபான்ட் உண்மையில் பயன்படுகிறது என்பதை ப்ரௌசரின் டெவ்டூல்ஸில் பார்த்துவிடுங்கள்.

பழைய நிரல்களில் காணும் ஃபான்ட்-ஃபீச்சர்-செட்டிங்ஸ் என்ற பண்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். உள் உறுப்பில் இன்னொரு அம்சத்தை அதில் எழுதினால் வெளி உறுப்பில் எழுதியது அடிபட்டுப் போகும்.

மொத்தத் தொகை வரியைத் தடிமனாக்கியதும் அது மட்டும் விலகுகிறதா? பல ஃபான்ட்டுகளில் இந்த ஒரே அகலம் ஒரு தடிமனுக்குள்தான் பொருந்தும். அந்த வரியைச் சாதாரணத் தடிமனிலேயே விட்டு, மேலே ஒரு கோடு போடுங்கள்.

பின்னங்களுக்கான டயகனல்-ஃபிராக்‌ஷன்ஸ் மதிப்பைப் பக்கம் முழுவதற்கும் போடவே வேண்டாம், 10/12 என்ற தேதியும் பின்னமாகிவிடும். பின்னத்தை மட்டும் ஒரு ஸ்பேன் டேக்குக்குள் வைத்து அதற்குக் கொடுங்கள்.