பூனைக்காகப் பணம் கேட்கலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

பேராவூரணிப் பக்கத்திலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்றும், செம்பனை ஆலையின் எடைமேடையில் 1,900 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்துக்குக் கணக்கு எழுதுவதாகவும், லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) வாசலில் கிடைத்து நீங்கள் வளர்த்த கடுவன் பூனைக்கு இரண்டாம் முறையாகச் சிறுநீர் அடைத்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தீர்கள். ஈப்போவில் உள்ள தனியார் விலங்கு மருத்துவமனை அறுவை சிகிச்சையோடு சேர்த்து 3,200 வெள்ளி ஆகும் என்கிறது. கையிலிருந்த 900 வெள்ளியைக் கட்டிவிட்டீர்கள். மீதி 2,300 வெள்ளிக்கு இங்குள்ள தமிழர்களிடம் கேட்டால் சிரிப்பார்களா என்பது உங்கள் கேள்வி. "வீடு கட்டச் சம்பாதிக்க வந்தவன் பூனைக்குக் கட்டுகிறான் என்று ஊர் பேசும்" என்று அறைத் தோழர் சொன்னாராம்.

சிலர் சிரிப்பார்கள். நீங்கள் கேளுங்கள். நான் 1998-இல் திருமணமாகி இந்த ஊருக்கு வந்தவள். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். இதே நோய்க்காக, இதே ஊரில், 2017-இல் பணம் கேட்டிருக்கிறேன். கேட்டதில் எனக்கு எந்த இழுக்கும் வரவில்லை. கேட்ட விதத்தில்தான் வந்தது.

எங்கள் பூனை மணியன் பழைய மண் தட்டில் போய்ப் போய்க் குந்துவதையும், ஒரு சொட்டுக்கூட வராமல் எழுந்து வந்து அடிவயிற்றை நக்குவதையும் முதலில் கவனித்தவர் என் மாமியார். முப்பது ஆண்டுகள் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். விடிவதற்கு முன்பே எழும் பழக்கம் போகாதவர். "இது மலச்சிக்கல் இல்லை, இதற்கு நீர் போகவில்லை" என்று அவர் சொன்னபோது நான் நம்பாமல் விளக்கெண்ணெய் தேடிக்கொண்டிருந்தேன். அந்த அரை நாள் தாமதத்துக்கு நான்தான் காரணம். கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகலானது. உப்புப் படிகமும் சளியும் சேர்ந்து அதை அடைத்தால், வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்தை மந்தமாக்கும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செருகி அடைப்பை நீக்குவது முதல் வைத்தியம். திரும்பத் திரும்ப அடைத்தால், குறுகலான நுனிப் பகுதியை நீக்கிவிட்டு அகலமான வழி வைக்கும் அறுவை. உங்கள் மருத்துவர் சொல்லியிருப்பது இந்த இரண்டாவதைத்தான் என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். "பூனைக்கு என்னவாம்?" என்று கேட்பவரிடம் இரண்டு வாக்கியத்தில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் பணப்பை திறக்கும்.

நம் பக்கத்து மொய் விருந்தை நீங்கள் அறியாமல் இருக்க முடியாது. நானும் கீரமங்கலத்தில் பிறந்தவள்தான். ஆடி மாதத்தில் பந்தல் போட்டு, கிடாய் வெட்டி, இலை போட்டு, சாப்பிட்டு எழுந்தவர் நேராக மேசைக்குப் போய்ப் பெயரையும் தொகையையும் சொல்ல, நோட்டில் ஒருவர் எழுதிக்கொண்டே போவார். அங்கே யாரும் யாரிடமும் வாய் திறந்து பணம் கேட்பதில்லை. கேட்கும் கூச்சத்தை அந்த நோட்டு வாங்கிக்கொள்கிறது. இன்று எழுதியவருக்கு நாளை செய்தாக வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். இங்கே உங்களுக்கு அப்படியொரு நோட்டு இல்லை. எட்டு மாதத்தில் நீங்கள் யாருக்கும் எதுவும் எழுதவில்லை; உங்கள் பெயர் எவர் நோட்டிலும் இல்லை; போதாக்குறைக்கு, பூனைக்கு மொய் எழுதும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. ஆகவே அந்த நோட்டை நீங்களே வாங்க வேண்டும். இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. சீனர் கடையில் இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும் கோடு போட்ட நோட்டையே சொல்கிறேன்.

நான் அதை வாங்கவில்லை. உறவினருக்கும் கோவிலில் பழகிய பெண்களுக்கும் அழுகையோடு ஒரு குரல் பதிவை அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு வேண்டும் என்று சொல்லவில்லை, பில்லைக் காட்டவில்லை. இரண்டு நாளில் 2,600 வெள்ளி சேர்ந்தது; செலவு 2,150 வெள்ளியோடு முடிந்தது. மிஞ்சிய 450 வெள்ளியில் மறுபரிசோதனைக்கும் மருத்துவ உணவுக்கும் நியாயமாகத்தான் செலவழித்தேன், ஆனால் ஒருவரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரே அமர்ந்திருந்த அம்மாள், சாம்பாரை வழித்துக்கொண்டே, "பூனை நலமா? மிச்சம் நலமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த நால்வரும் இலையைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் கொடுத்தது இருபது வெள்ளி.

எனவே கேட்பதற்கு முன்னால் தொகையைக் குறைக்கப் பாருங்கள். மருத்துவமனையில் இனவாரியான மதிப்பீட்டைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்: அறுவைக்கு எவ்வளவு, மயக்க மருந்துக்கு எவ்வளவு, இரத்தப் பரிசோதனைக்கு எவ்வளவு, தங்கும் நாளுக்கு எவ்வளவு என்று. தவணையில் கட்ட இடம் தருவீர்களா என்று நேரிலேயே கேளுங்கள். தொலைபேசியில் இல்லை என்பவர்கள் நேரில் இறங்கி வருவதுண்டு. அரசுக் கால்நடைச் சேவைத் துறையின் மருத்துவமனைகளில் கட்டணம் குறைவு. ஆனால் இந்த அறுவையைச் செய்வார்களா என்று கேட்டுவிட்டுத்தான் பூனையை நகர்த்த வேண்டும். கோலாலம்பூர்ப் பக்கம் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. நல்ல இடம், ஆனால் அடைப்போடு இருக்கும் பூனையை அவ்வளவு தூரம் கொண்டுபோகச் சொல்ல எனக்கு மனம் வராது.

அடுத்து, உங்கள் பங்கைக் கூட்டுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பொருந்தும். முந்தைய மாதச் சம்பளத்துக்கு மேற்படாமல் முதலாளி முன்பணம் தரலாம். அவர் தந்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் பெரிய கிராணியிடம் (தலைமை எழுத்தரிடம்) கேட்பதில் தவறில்லை. ஒரு மோதிரமோ சங்கிலியோ இருந்தால் அடகுக் கடை இருக்கிறது. உரிமம் பெற்ற கடை மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது, மீட்க ஆறு மாதம் தவணை உண்டு. நானும் ஒரு வளையலை வைத்துத்தான் முன்பணம் கட்டினேன். பூனைக்கு வளையலா என்று என் கணவர் கேட்கவில்லை, மாமியார் முன்னால் கேட்க முடியவில்லை.

மூன்று வழிகளில் மட்டும் போகாதீர்கள். விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருக்கும் கடன் விளம்பர எண்களை அழைக்காதீர்கள். உரிமம் உள்ளவரே பிணை இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டு வரைதான் வாங்கலாம், உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடும் அந்த ஆ லோங் கும்பலின் கணக்கு வேறு. கூட்டுப் பணத்தில், அதாவது நம் ஊர்ச் சீட்டில், சேர்ந்து முதல் சீட்டை எடுத்துக்கொள் என்று ஆலையில் யாராவது நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். கூட்டு பிடிப்பது 1971 முதல் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டது. நடக்கத்தான் நடக்கிறது, ஆனால் வேலை பெர்மிட்டில் இருக்கும் உங்களுக்கு அது வேண்டாம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) டப்பாவோடு நின்று வசூலிப்பதற்கும் அனுமதி வேண்டும்.

இனி, யாரிடம் கேட்பது. பூனையை நேரில் பார்த்தவர்களிடம் தொடங்குங்கள்: லயத்தில் அதற்கு மீன் தலை போட்டவர், எடைமேடைக்கு லாரி ஓட்டி வரும்போது அதைத் தடவிவிட்டுப் போனவர். மலாய்க்கார அண்டை வீட்டாரை விட்டுவிடாதீர்கள். பூனையிடம் அவர்கள் காட்டும் பரிவைப் பார்த்து நானே நம் ஆட்களை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். மலாயில் "கூச்சிங் சாயா தா போலே கெஞ்சிங்" என்றால் என் பூனையால் சிறுநீர் கழிக்க முடியவில்லை என்று பொருள். நம் காதுக்கு அந்தக் கடைசிச் சொல் கெஞ்சுவதுபோலவே கேட்கும். அந்த வாரம் பூனைக்கு அது வரவில்லை, எனக்கு அது மட்டும்தான் வந்தது. வண்டி இல்லாத எங்களை ஈப்போவுக்கு இரண்டு முறை காரில் அழைத்துப் போனவர் பக்கத்து வீட்டு மாக்சிக்தான் (மலாய்க்கார அம்மாள்). எண்ணெய்க்குக்கூடக் காசு வாங்கவில்லை. அதையும் உதவியாக எழுதுங்கள். பணமில்லாதவரிடம் பயணம் கேட்கலாம்.

ஒருவரிடம் ஐந்நூறு கேட்காதீர்கள். எல்லோரிடமும் பத்து அல்லது இருபது கேளுங்கள். இந்த ஊருக்கு அது புதிதல்ல. துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும் என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன், மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்தவர், சுங்கை சிப்புட்காரர்; பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் அதில் பங்கெடுத்தார்கள். பத்து வெள்ளிக்கு ரசீது வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பழகிய தலைமுறையின் பிள்ளைகள் இங்கிருக்கிறார்கள். அவர்கள் சிறு தொகையை மதிப்பார்கள். அதற்குக் கணக்கும் எதிர்பார்ப்பார்கள்.

செய்தியை இப்படி எழுதலாம்: "என் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு, அறுவைக்கு மொத்தம் 3,200 வெள்ளி, 900 நான் கட்டிவிட்டேன், 2,300 தேவை. மருத்துவமனையின் மதிப்பீட்டை இணைத்திருக்கிறேன். முடிந்தால் பத்து வெள்ளி உதவுங்கள். நன்கொடையா கைமாற்றா என்று சொல்லுங்கள், அப்படியே எழுதிக்கொள்கிறேன். தொகை சேர்ந்தவுடன் நிறுத்திவிட்டுத் தெரிவிப்பேன்." பணத்தை மருத்துவமனையின் கணக்கில் நேரடியாகக் கட்ட விரும்புபவருக்கு அந்த வழியையும் கொடுங்கள், அப்படிக் கட்டுபவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், ஆனால் மற்றவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை வருவது அதனால்தான். கோவிலில் கேட்பதானால் முதலில் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அன்னதானத்துக்கு வசூல் நடக்கும் நாளில் வேண்டாம்.

பணத்தோடு வைத்தியமும் வரும். வெந்தயத் தண்ணீர் கொடு என்பார்கள், அதைச் சிரித்துவிட்டு விடலாம். பனடோல் அரை மாத்திரை கொடு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பூனைக்கு அது நஞ்சு. "தோட்டத்தில் மனிதன் கூடப் பணம் இல்லாமல் செத்திருக்கிறான்" என்று ஒரு பெரியவர் உங்களிடமும் சொல்வார். அது உண்மை, என் மாமனார் அப்படித்தான் போனார். அவரோடு வாதாட வேண்டாம். "சரி அப்பா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். என்னிடம் அதைச் சொன்னவர் மறுநாள் காலை கடைக்கு வந்து, மேசைமேல் ஐந்து வெள்ளியை வைத்துவிட்டுப் பேசாமல் போனார்.

நான் அந்த 450 வெள்ளிக் கணக்கை, பந்தியில் கேள்வி கேட்ட மறுவாரம், ரசீதுகளோடு ஒவ்வொருவருக்கும் அனுப்பினேன். யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த அம்மாள் இன்று வரை என்னிடம்தான் ரவிக்கை தைக்கிறார், ஒவ்வொரு முறையும் மிச்சத் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்.

நோட்டை இன்றே வாங்குங்கள். முதல் வரியில் உங்கள் பெயரையும் 900 வெள்ளியையும் எழுதுங்கள். இரண்டாம் வரியில் "தையல் கடை அக்கா, 100, நன்கொடை" என்று எழுதிக்கொள்ளுங்கள். நாளை மதியம் கடை திறந்திருக்கும்; மதிப்பீட்டுத் தாளைக் கையோடு கொண்டுவாருங்கள், புண்ணை நக்காமலிருக்க மாட்டும் மணியனின் பழைய கழுத்துக் கூம்பும் இருக்கிறது, அளவு பார்த்து எடுத்துப் போகலாம்.