அல்கொன்குவின் பூங்காவுக்கு எந்த மாதம் போவது?

கேள்வி: ஸ்கார்பரோவில் இருக்கிறோம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பறவை பார்க்கிற ஆசை வந்துவிட்டது. வெள்ளி பின்னேரம் வெளிக்கிட்டு ஞாயிறு இரவு திரும்புகிற மாதிரி ஒன்ராறியோவின் அல்கொன்குவின் காட்டுப் பூங்காவுக்குப் போக நினைக்கிறோம். குளிருக்குள் பறவை எங்கே நிற்கும், ஜூலை வரை பொறுப்போம் என்கிறார் கணவர். கையில் வந்து உட்காரும் அந்தச் சாம்பல் நிறப் பறவையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் நிற்கிறார்கள். அதற்கு என்ன தீனி கொண்டு போகலாம்? (ஒரு வாசகி)

பதில்: ஜூலை வரை பொறுக்காதீர்கள். பிள்ளைகள் கேட்கிற பறவைக்குக் கனடா ஜே என்று பெயர், அதைப் பார்க்க மார்ச் மாதம்தான் நல்லது. கோடையில் அது பெரும்பாலும் காட்டுக்குள்ளே போய்விடும், சாலையோரத்தில் காண்பது அரிது. குளிர்காலத்தில் தானாகவே ஆட்களைத் தேடி வரும்.

குளிருக்குப் பறவைகள் எல்லாம் தெற்கே போய்விடும் என்பது பாதிதான் சரி. இந்த ஜே எங்கேயும் போகாது, ஆணும் பெண்ணுமாக வருடம் முழுக்க ஒரே இடத்தைக் காத்துக்கொண்டு இருக்கும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கிடைக்கிற பூச்சி, பழம், இறைச்சித் துண்டு எல்லாவற்றையும் பசை போன்ற தன் எச்சிலில் உருட்டி, ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பட்டை இடுக்குகளில் ஆயிரக்கணக்கில் ஒட்டி வைக்கும், பிறகு ஸ்னோ மூடிக் கிடக்கிற மாதங்களில் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சாப்பிடும். அந்தச் சேமிப்பை நம்பித்தான் மற்றப் பறவைகள் வடக்கே திரும்பி வருவதற்கு முன்பே, மார்ச் மாதத்துக் கடும் குளிரில் முட்டையிட்டு அடைகாக்கிறது. எழுபது கிராம் அளவுள்ள ஒரு பறவை இதைச் செய்கிறது! பிள்ளைகளுக்கு இதைக் காரிலேயே சொல்லிவிடுங்கள், அப்புறம் அவர்கள் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

அல்கொன்குவினில் 1960களிலிருந்து இந்தப் பறவைகளின் காலில் நிற வளையம் போட்டுத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். நீங்கள் பார்க்கிற பறவையின் காலிலும் வளையம் இருக்கலாம், நிற வரிசையைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த ஆய்வு காட்டுகிற செய்தி நல்லதல்ல. ஜேக்கள் வாழ்கிற பரப்பின் தெற்கு விளிம்பில் இருக்கிறது இந்தப் பூங்கா. இலையுதிர் காலம் சூடாகச் சூடாக, ஒளித்து வைத்த உணவு கெட்டுப்போகிறது, குஞ்சு பொரிப்பது குறைகிறது. முன்பு ஜேக்கள் குடியிருந்த இடங்களில் பாதிக்கு மேல் இப்போது வெறுமையாகிவிட்டன. அதனால்தான் அடுத்த வருடம் பார்ப்போம் என்று தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

தீனி வேண்டாம். கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தெரியும், ஆனால் சிப்ஸும் பாணும் காட்டுப் பறவைக்கான சாப்பாடு இல்லை. சும்மா நின்றாலே கிட்ட வந்து எட்டிப் பார்க்கிற பறவை அது, அந்த நெருக்கம் போதும்.

சரி, பயணத்துக்கு வருவோம். ரொறன்ரோவிலிருந்து மேற்கு வாசலுக்கு நெரிசல் இல்லாவிட்டால் மூன்று மணித்தியாலம், வெள்ளி பின்னேரம் நிச்சயம் அதற்கு மேல் ஆகும். அன்றிரவு வாசலுக்கு முன்னால் வருகிற ஹன்ட்ஸ்வில் ஊரில் தங்கிக் காலையில் நேரத்தோடு உள்ளே போங்கள், இல்லையென்றால் பூங்காவுக்குள்ளேயே மியூ லேக் முகாமில் மின்சாரச் சூட்டுடன் யேர்ட் என்ற வட்டக் கூடாரங்கள் உண்டு, அதற்கு முன்கூட்டியே பதிய வேண்டும். காருக்கான நாள் அனுமதியையும் இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள்.

நெடுஞ்சாலை 60 பூங்காவுக்குள் 56 கிலோமீட்டர் ஓடுகிறது. எல்லா இடத்திலும் இறங்கி ஏறினால் ஒன்றையும் உருப்படியாகப் பார்க்க மாட்டீர்கள். காலை முழுவதையும் மேற்கு வாசலிலிருந்து 42ஆவது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் இருக்கிற ஸ்புரூஸ் பாக் நடைபாதைக்குக் கொடுங்கள். ஒன்றரைக் கிலோமீட்டர்தான், ஆனால் கறுப்பு ஸ்புரூஸ் நிற்கும் சதுப்பு அது, வடக்குக் காட்டுப் பறவைகளுக்கு இந்த நெடுஞ்சாலையோரத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை. ஜே அங்கேதான் வரும். ஸ்புரூஸ் கிரௌஸ் என்ற காட்டுக்கோழி வகை, ஊசியிலையைத் தின்றுகொண்டு அசையாமல் நிற்கும், பக்கத்தால் நடந்து போகிறவர்களே அதைக் கவனிக்காமல் போய்விடுவார்கள், அவசரப்படாமல் கிளை கிளையாகப் பாருங்கள். செத்த மரத்தில் பட்டை புதிதாக உரிந்து கிடந்தால் நின்று காது கொடுங்கள், கறுப்பு முதுகு மரங்கொத்தியாக இருக்கலாம், ஆணுக்கு உச்சியில் மஞ்சள் திட்டு இருக்கும்.

பிள்ளைகளுக்குக் குளிர் பிடித்தால் 43ஆவது கிலோமீட்டரில் பார்வையாளர் நிலையம், குளிர்காலத்தில் வார இறுதிகளில் திறந்திருக்கும். அங்குள்ள தீனிப் பெட்டிகளுக்கு ஈவ்னிங் குரோஸ்பீக் என்ற மஞ்சள் நிறப் பறவைகள் கூட்டமாக வந்தால் அந்த மஞ்சளை மறக்க மாட்டார்கள். காலுக்கு நல்ல பூட்ஸும் வழுக்காத இரும்புப் பல் பட்டையும் கட்டாயம். போன் பற்றரி குளிரில் சட்டென்று இறங்கும், உள் பொக்கற்றில் வையுங்கள். திரும்பும்போது இருட்டுவதற்கு முன் வெளிக்கிடுங்கள், சாலையில் மூஸ் என்ற பெரிய மான் நிற்கும்.

கேள்வி: பறவைகளை அடையாளம் காட்டுகிற மெர்லின் செயலியில் பறவைக் குரலைப் போட்டால் பறவை கிட்ட வருமாமே, போடலாமா? (ஒரு வாசகர்)

பதில்: வரும், ஆனாலும் போடாதீர்கள். தன் இடத்துக்குள் போட்டிக்காரன் புகுந்துவிட்டான் என்று நினைத்து அது அடைகாப்பதையும் இரை தேடுவதையும் விட்டு ஓடி வருகிறது. அதே செயலி சுற்றிக் கேட்கிற குரலை வைத்துப் பறவையின் பெயரைச் சொல்லும், அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அது சொல்கிற பெயரையும் கண்ணால் பார்த்த பிறகே குறிப்பில் எழுதுங்கள், சில நேரம் தவறாகவும் சொல்லும்.