நூற்றாண்டு ஜெர்சியில் ஸ்பான்சர் லோகோவை எங்கே வைப்பது?

கேள்வி: சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் வசிக்கிறோம். என் மகன் விளையாடும் ஜூனியர் ரக்பி லீக் (ரக்பியில் ஒரு வகை) கிளப்புக்கு அடுத்த ஆண்டு நூறு வயது. ஒரே ஓர் ஆட்டத்துக்கு மட்டும் நினைவு ஜெர்சி போடலாம் என்று கமிட்டி முடிவு செய்து, பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டது. கைவசம் இருப்பது 1920களில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளை குரூப் போட்டோ. அதில் ஜெர்சி முழுக்கக் குறுக்குப் பட்டைகள். மளிகைக் கடை, கார் ஒர்க்‌ஷாப், வீட்டு புரோக்கர், ஒரு பப் என நான்கு ஸ்பான்சர்கள். நான்கு பேருக்கும் நெஞ்சுப் பக்கம்தான் வேண்டுமாம். அன்சாக் நாளை (போர்களில் இறந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை நினைவுகூரும் நாள்) ஒட்டி வரும் ஆட்டம் என்பதால் அதற்கும் ஏதாவது சேர்க்கச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் ஸ்பான்சர்களிடம் பேசி முடியுங்கள். டிசைனரிடம் அப்புறம் போகலாம். பெரும்பாலான கிளப்புகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. அழகாக ஒரு படம் வரைந்து எல்லோருக்கும் காட்டி, கைதட்டல் வாங்கிய பிறகு லோகோக்களுக்கு இடம் தேடுகிறார்கள். அப்போதுதான் வெள்ளைப் பெட்டிக்குள் அடைத்த நாலு லோகோ நெஞ்சில் வந்து உட்காரும். நூறு வருஷத்து நிறங்கள் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

ஸ்பான்சர்களிடம் சொல்ல உங்களுக்கு நியாயமான ஒரு காரணம் இருக்கிறது. சிட்னி லீக் போட்டிகள் 1908இல் தொடங்கின. ஜெர்சியில் ஸ்பான்சர் பெயரோடு முதலில் களமிறங்கிய கிளப் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ், இன்றைய ரூஸ்டர்ஸ். ஆண்டு 1976, பெயர் சிட்டி ஃபோர்டு, ஒரு கார் விற்பனை நிறுவனம். அதாவது ஏறக்குறைய எழுபது வருடம் இந்த விளையாட்டின் ஜெர்சிகளில் நிறமும் சின்னமும் மட்டுமே இருந்தன. உங்கள் போட்டோவும் அந்தக் காலத்தைச் சேர்ந்தது. அந்தப் படத்தை மேஜையில் வைத்து, “இதைத்தான் திரும்பக் கொண்டுவரப் போகிறோம், நீங்கள் எந்த அளவு ஒதுங்கி நிற்க முடியும்?” என்று கேளுங்கள். உள்ளூர்க் கடைக்காரர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் இது பெருமைதான்.

நான் செய்வதாக இருந்தால், நெஞ்சுப் பக்கத்தை ஒருவருக்கு மட்டும், கூடுதல் தொகைக்குக் கொடுப்பேன். யாருக்கும் கொடுக்காமல் காலியாக விட முடிந்தால் இன்னும் நல்லது. மற்றவர்களுக்கு முதுகின் மேல்பகுதி, எண்ணுக்குக் கீழே இடுப்புப் பக்கம், கை, ஷார்ட்ஸ் என்று இடம் இருக்கிறது. முதுகு மட்டமான இடம் இல்லை. மைதான ஓரத்தில் நிற்கும் பெற்றோர் ஆட்டத்தில் பாதி நேரம் பார்ப்பது முதுகைத்தான். இன்னொரு வழியும் உண்டு: லோகோவே வேண்டாம் என்று முடிவு செய்து, கடைகளின் பெயர்களை ஒரே எழுத்துருவில், ஒரே நிறத்தில், எண்ணுக்குக் கீழே ஒரு வரியாகப் போடலாம். பழைய ஜெர்சியோடு அது சண்டை போடாது. எந்த வழியாக இருந்தாலும் அளவு, இடம், நிறம், எத்தனை ஆட்டம் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பப் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிள்ளைகள் போடும் ஜெர்சியில் மது, சூதாட்டம் சம்பந்தப்பட்ட பெயர் வேண்டாம். நியூ சவுத் வேல்ஸில் பல பப்புகள் போக்கர் மெஷின் என்ற சூதாட்ட இயந்திரங்களின் வருமானத்திலும் ஓடுகின்றன. உங்கள் மாவட்ட லீக்கின் விதி என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். விதி அனுமதித்தாலும் நான் போட மாட்டேன். இந்த ஜெர்சி கண்ணாடிச் சட்டத்துக்குள் கிளப் சுவரில் பல காலம் தொங்கப் போகிறது. 1982 முதல் 1995 வரை சிட்னி முதல்தரப் போட்டிக்கு வின்ஃபீல்டு கோப்பை என்று பெயர். வின்ஃபீல்டு ஒரு சிகரெட். அன்று பெரும்பாலோர் புருவம் உயர்த்தவில்லை. 1992இல் ஆஸ்திரேலியா புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்ய சட்டம் கொண்டுவந்தது. இன்று அந்தக் காலப் படங்களைப் பிள்ளைகளிடம் காட்டும்போது விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. பப் முதலாளியிடம் நூற்றாண்டு விருந்தையோ பெரியவர்கள் அணியையோ ஏற்கச் சொல்லுங்கள்.

இனி போட்டோ. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 1920களில் பரவலாகப் புழங்கிய ஃபிலிம்களும் கண்ணாடித் தகடுகளும் சிவப்பு ஒளியைப் பதிவு செய்யாதவை. அதனால் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாக விழும். நீலம் வெளிறிப்போகும். மஞ்சள் பல சமயம் நாம் எதிர்பார்ப்பதைவிட இருண்டு தெரியும். நீலமும் தங்க நிறமும் பட்டை போட்ட ஜெர்சி அப்படிப்பட்ட படத்தில் தலைகீழாகவே தெரியக்கூடும்: தங்கப் பட்டை கரும்பட்டையாக, நீலம் சாம்பலாக. “கறுப்பு வெள்ளைப் பட்டை போலிருக்கிறதே” என்று அச்சடித்துவிட்டால், கிளப்பின் அசல் நிறத்தைத் தொலைத்தவர் நீங்களாகிவிடுவீர்கள். படத்தில் ஆட்டக்காரர்களின் உதடுகளைப் பாருங்கள். லிப்ஸ்டிக் போட்டது போலக் கறுத்திருந்து, வானமும் வெறும் வெள்ளையாக இருந்தால், அது சிவப்பு தெரியாத ஃபிலிம்தான்.

படத்தை நம்பாமல் எழுத்தைத் தேடுங்கள். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் அக்காலப் பத்திரிகைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கிளப் பெயரோடு ‘நிறங்கள்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடினால், “இந்த சீசனில் இன்ன நிறத்தில் ஆடுவார்கள்” என்ற ஒற்றை வரிச் செய்தி சிக்கலாம். பழைய உறுப்பினர்களின் குடும்பங்களில் யாராவது ஜெர்சியைப் பெட்டிக்குள் வைத்திருந்தால் அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. அப்படிக் கிடைத்தால் வெளிப்பக்கத்தைப் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள். வெயிலும் சலவையும் அதை மாற்றியிருக்கும். தையலின் உள்மடிப்பை விரித்துப் பாருங்கள், அசல் நிறம் அங்கே மிச்சமிருக்கும்.

பட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை எத்தனை, கையில் எத்தனை, காலர் என்ன நிறம். சின்னப் பையனுடைய சைஸிலும் பெரிய சைஸிலும் பட்டைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும், அகலம்தான் சைஸுக்கு ஏற்ப மாற வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஒரே அச்சை எல்லா சைஸுக்கும் வெட்டிவிடுவார்கள். பக்கத் தையலில் முன் பட்டையும் பின் பட்டையும் நேராகச் சேர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பட்டை போட்ட ஜெர்சியில் லோகோ வைப்பது தனி வித்தை. பாதி எழுத்து வெளிர் பட்டையிலும் பாதி கரும்பட்டையிலும் விழுந்தால் எதையும் படிக்க முடியாது. லோகோவின் உயரம் ஒரு பட்டைக்குள் அடங்க வேண்டும், அல்லது நெஞ்சில் ஒரு பட்டையை மட்டும் சற்று அகலமாக்கி அதற்குள் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் செயின்ட் ஹெலன்ஸ், இங்கே செயின்ட் ஜார்ஜ் இரண்டுக்கும் வெள்ளையில் சிவப்பு ‘வி’தான் அடையாளம். ‘வி’யின் முனை வந்து நிற்பதும் ஸ்பான்சர் கேட்பதும் ஒரே இடம், நெஞ்சின் நடு. பெரிய கிளப்புகளுக்கே அது தீராத தலைவலி. உங்களுடையது பட்டை என்பதால் கொஞ்சம் தப்பித்தீர்கள்.

ஸ்பான்சரிடம் லோகோவை வெக்டார் ஃபைலாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வகை), ஒரே நிறத்தில், எழுத்துகளை வடிவமாக மாற்றித் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் படம் வேண்டாம். மளிகைக் கடையிடம் அசல் ஃபைல் இல்லாமல் இருக்கலாம். கடைப் பலகை செய்தவரிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

அச்சு பற்றிச் சுருக்கமாக. இப்போதைய ஜெர்சிகள் வெள்ளை பாலியெஸ்டர் துணியில் சப்ளிமேஷன் முறையில் அச்சாகின்றன. சூட்டில் மை ஆவியாகி நூலுக்குள்ளேயே இறங்கிவிடும். உரியாது, கனம் கூடாது, இழுத்துப் பிடித்தாலும் பிய்ந்து வராது. ஆனால் பிற்பாடு எடுக்கவும் முடியாது. ஒரு ஆட்டத்துக்கு மட்டும் பணம் தரும் ஸ்பான்சருக்கு இதனால் சிக்கல் இல்லை. வழக்கமான சீசன் ஜெர்சியில் யோசித்துச் செய்யுங்கள். கரும் நிறத் துணியின் மேல் வெள்ளை லோகோவைச் சூடு வைத்து ஒட்டினால், அடியிலுள்ள சாயம் மேலே ஏறி வெள்ளை நிறம் மாறிவிடக்கூடும்; சிவப்புத் துணியில் அது இளஞ்சிவப்பாகும். சாயத்தைத் தடுக்கும் அடுக்கு உள்ள தாள்தானா என்று கேளுங்கள். நிறத்தை கம்ப்யூட்டர் திரையில் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே துணியில் ஒரு துண்டு அச்சடித்து அனுப்பச் சொல்லி, வெயிலில் வைத்துப் பாருங்கள். திருப்பூரில் சொந்தக்காரர் மூலம் தைத்து வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அங்கீகரித்த தயாரிப்பாளர்களிடம் மட்டும்தான் வாங்க வேண்டுமா என்று முதலில் லீக்கிடம் கேளுங்கள்.

அன்சாக் விஷயம். ஆஸ்திரேலியாவில் ‘அன்சாக்’ என்ற சொல்லுக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. விற்பனை சார்ந்த எதிலும் அதைப் பயன்படுத்த, படைவீரர் நலத்துறை அமைச்சரின் அனுமதி தேவை. ஸ்பான்சர் பெயர் இருக்கும், விற்பனைக்கும் வரும் ஜெர்சியில் அந்தச் சொல்லைப் போடுவதற்கு முன் எழுதிக் கேட்டாக வேண்டும். ராணுவத்தின் உதயசூரியச் சின்னத்தையும் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டக் கூடாது. என் கருத்து, இரண்டு நினைவுகளை ஒரே சட்டையில் திணிக்க வேண்டாம். கிளப்பின் பழைய உறுப்பினர் யாராவது போரில் இறந்திருந்தால், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் பெயர்ப் பட்டியலில் சரிபார்த்து, குடும்பத்திடமும் கேட்டு, காலரின் உள்பக்கம் அந்தப் பெயர்களைச் சின்னதாக அச்சடியுங்கள். ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிட மௌனம் போதும்.

படத்தை முடிவு செய்யும் முன் ஆட்டக்காரர்களிடமும் பெற்றோரிடமும் காட்டுங்கள். 2022 ஜூலையில் சிட்னியின் மேன்லி கிளப், ஒருபாலீர்ப்பாளர் உள்ளிட்ட எல்லோரையும் வரவேற்கும் அடையாளமாக வானவில் நிறம் சேர்த்த ஜெர்சியை அறிவித்தது. ஆட்டக்காரர்களை முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. மத, பண்பாட்டுக் காரணம் சொல்லி ஏழு பேர் ரூஸ்டர்ஸுக்கு எதிரான அந்த ஆட்டத்திலிருந்து விலகினார்கள். பயிற்சியாளர் டெஸ் ஹாஸ்லர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அந்த ஜெர்சி சொல்ல வந்த செய்தி நல்லது என்றே நினைக்கிறேன். போடுபவர்களிடம் கேட்காததால் அது காயமாக மாறியது. அதே போல, பூர்வகுடி ஓவியம் சேர்க்க யோசனை வந்தால், உங்கள் பகுதியின் தாருக் மக்களிடம் பேசி, அவர்களில் ஒரு ஓவியருக்குப் பணமும் பெயரும் கொடுத்துச் செய்யுங்கள். பூர்வகுடி ஓவியம் போலப் புள்ளி வைத்து நீங்களே வரையாதீர்கள்.

எதிரணி நிறத்தோடு மோதுகிறதா, பட்டைகளுக்கு மேல் எண் தூரத்திலிருந்து தெரிகிறதா என்று பார்த்து, லீக்கின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். எண்ணுக்குப் பின்னால் ஒரே நிறத்தில் சதுரம் வைத்தால் தெளிவாகத் தெரியும். அன்சாக் நாள் ஏப்ரல் 25. தயாரிப்பு சீனாவில் என்றால் சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஆலைகள் மூடும். எனவே டிசம்பருக்கு முன் ஆர்டர் போய்விட வேண்டும். ரத்தக் கறை பட்ட ஜெர்சியோடு ஆட முடியாது, மாற்ற வேண்டும். அதனால் அணிக்கு வேண்டியதற்கு மேல் எண் இல்லாத இரண்டு மூன்றைப் பெரிய சைஸில் வாங்கி வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஏலம் விடுவதாக இருந்தால், பிள்ளைகள் போட்டதை அவர்களுக்கே கொடுத்துவிட்டு, இந்த உபரி ஜெர்சிகளில் அணியின் கையெழுத்து வாங்கி அவற்றை ஏலம் விடுங்கள்.