ரீஜனல் விமானமா, கார்ப்பரேட் ஜெட்டா? அமெரிக்க விமானி வேலை: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒரு ரீஜனல் நிறுவனத்தில் எம்பிரேயர் 175 ஓட்டிவிட்டு, இப்போது ஒரு தொழில் குழுமத்தின் சொந்த ஜெட் விமானத்தில் கேப்டனாகப் பணிபுரிகிறேன். இவ்விரு வேலைகளையும் ஒப்பிட்டு நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இயன்றவரை விரிவாகப் பதில் தருகிறேன்.

கேள்வி: இரண்டிலும் ஓட்டுவது சிறிய ஜெட்தானே? வேறுபாடு எங்கே இருக்கிறது?

விமானத்தின் அளவில் இல்லை; எந்தச் சட்டப் பிரிவின் கீழ் பறக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வாய் போன்ற ரீஜனல் நிறுவனங்கள், டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகியவற்றின் பெயரையும் வண்ணத்தையும் தாங்கி, அவற்றுக்காகக் குறுகிய வழித்தடங்களில் பறக்கின்றன. பெரிய நிறுவனங்களின் விமானிகள் சங்கங்கள் தங்கள் வேலையைக் காத்துக்கொள்ளச் செய்த ஒப்பந்தங்களால், இந்த விமானங்களில் 76 இருக்கைகளுக்கு மேல் வைக்க முடியாது. இவை பயணிகள் விமானச் சேவைக்கான பிரிவு 121-இன் கீழ் வருகின்றன. ஒரு நிறுவனம் தன் சொந்த ஜெட்டில் தன் அதிகாரிகளை ஏற்றிச் செல்வது, அதாவது கார்ப்பரேட் ஜெட், பிரிவு 91. வாடகை ஜெட் பிரிவு 135. நெட்ஜெட்ஸ், ஃப்ளெக்ஸ்ஜெட் போன்றவை ஒரே விமானத்தைப் பலருக்குப் பங்கு பிரித்து விற்கும் பங்குரிமை நிறுவனங்கள். அவற்றுக்கெனத் தனி விதித் தொகுப்பு உண்டு.

கேள்வி: என் மகனிடம் கமர்ஷியல் லைசென்ஸும் 600 மணி நேரப் பறப்பும் உள்ளன. 1,500 மணி ஆகும்வரை அவன் காத்திருக்கத்தான் வேண்டுமா?

ரீஜனல் வேலைக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் என்ற ரீஜனல் நிறுவனத்தின் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்ததைத் தொடர்ந்து 2010-இல் இயற்றப்பட்ட சட்டம், துணை விமானிக்கும் 1,500 மணி தேவை என்னும் விதியாக 2013-இல் நடைமுறைக்கு வந்தது. விமானவியல் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 மணியும், ராணுவ விமானிகளுக்கு 750 மணியும் போதும். அந்த விபத்தில் இருந்த இரு விமானிகளுமே 1,500 மணிக்கு மேல் பறந்தவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். விதியின் பயன் குறித்த விவாதம் இன்றும் ஓயாததற்கு அதுவே காரணம்.

கார்ப்பரேட் ஜெட்டில் துணை விமானியாக அமர இந்த விதி தடையில்லை. ஆனால் அங்கே விமானக் காப்பீட்டு நிறுவனம்தான் வாசலில் நிற்கிறது. சட்டம் அனுமதிக்கும் ஒருவரைக் காப்பீட்டாளர் ஏற்காவிட்டால், முதலாளி எவ்வளவு விரும்பினாலும் எடுக்க முடியாது. சிறிய சைட்டேஷன் ரக விமானங்களின் வலது இருக்கை உங்கள் மகனுக்குக் கிடைக்கக்கூடும். கல்ஃப்ஸ்ட்ரீம் போன்ற பெரிய ஜெட் எளிதில் கிடைக்காது.

கேள்வி: சம்பளம் எதில் அதிகம்?

2010-களின் தொடக்கத்தில் பல ரீஜனல் நிறுவனங்கள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 20 முதல் 25 டாலர்தான் தந்தன. விமானிப் பற்றாக்குறை முற்றிய 2022 ஜூனில், அமெரிக்கன் குழுமத்தின் ரீஜனல் நிறுவனங்கள் அதை 90 டாலராக உயர்த்தின, மற்றவையும் பின்தொடர்ந்தன. இந்த மணிக்கணக்கு விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்த பிறகே பெரும்பாலும் ஓடத் தொடங்குகிறது என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. கார்ப்பரேட்டில் மாதச் சம்பளம். பறந்தாலும் பறக்காவிட்டாலும் அதே தொகை. ஊதிய அட்டவணை வெளியே தெரியாது. பேசிப் பெறத் தெரிந்தவர் கூடுதலாகப் பெறுகிறார்.

கேள்வி: என் கணவர் ரீஜனலில் ரிசர்வ் பணியில் (அழைத்தால் உடனே செல்லத் தயாராகக் காத்திருக்கும் பணி) இருக்கிறார். கார்ப்பரேட்டுக்கு மாறினால் வீட்டில் கூடுதலாக இருப்பாரா?

அக்கா, இதற்கு ஒரே சொல்லில் விடை சொல்ல இயலாது. ரீஜனலில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது, வேலையில் சேர்ந்த வரிசைப்படி கிடைக்கும் சீனியாரிட்டி எண். அடுத்த மாதப் பணிப்பட்டியல், விடுப்பு, எந்த ஊரில் தளம், எப்போது கேப்டன் பதவி என அனைத்தும் அந்த எண்ணின் வரிசைப்படியே நடக்கின்றன. கீழே இருக்கும்வரை தீபாவளியும் கிறிஸ்துமஸும் அவர் கையில் இல்லை. தளம் ஒரு ஊரிலும் குடும்பம் வேறு ஊரிலும் இருந்தால், வேலைக்குப் போவதற்கே ஒரு விமானம் ஏறி, பலர் பங்கிட்டுக்கொள்ளும் வாடகை அறையில் படுத்தெழ வேண்டியிருக்கும். ஆனால் அவருக்குப் பின்னால், விமானிகளின் பணி, ஓய்வு நேரங்களை வரையறுக்கும் விதி 117 நிற்கிறது. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தடையின்றி உறங்க வாய்ப்பு, ஆண்டுக்கு 1,000 மணிக்கு மேல் பறக்கக் கூடாது என்னும் வரம்புகளை எந்த மேலாளரும் மீற முடியாது. எண்ணும் ஆண்டுதோறும் மேலே நகரும்.

பிரிவு 91-இல் பணிநேர வரம்பே சட்டத்தில் இல்லை. நல்ல நிறுவனங்கள் தாமாகவே வகுத்துக்கொள்கின்றன. மாதத்தில் பல நாட்கள் வீட்டிலேயே இருக்கிறேன். ஆனால் அவற்றில் எது என் நாள் என்பது முன்கூட்டித் தெரியாது. மாலை 5 மணிக்குப் புறப்படுவதாகச் சொன்ன, நியூயார்க் அருகேயுள்ள டெட்டர்பரோ விமான நிலையத்தில் நாங்கள் இறக்கிவிட்ட அதிகாரிகளின் கூட்டம் நீண்டுகொண்டே போக, ஆர்டர் செய்த உணவு ஆறிப்போய், இரவு 10 மணிக்கு எஞ்சினைத் தொடங்குவது இங்கே சாதாரணம். பங்குரிமை நிறுவனங்களில் 7 நாள் வேலை, 7 நாள் விடுப்பு என்னும் முறை உண்டு. குடும்பத்தின் கண்ணோட்டத்தில் மட்டும் கேட்டால், என் பரிந்துரை அதுவே.

கேள்வி: கார்ப்பரேட் ஜெட்டில் பயணிகளின் பெட்டியை விமானியே தூக்க வேண்டும் என்கிறார்களே?

ஆம். பெட்டி, காபி, ஐஸ், செய்தித்தாள், கழிவறைத் தூய்மை எல்லாம் நம் பொறுப்பு. இதில் கௌரவக் குறைவு காண்பவர் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

கேள்வி: பாதுகாப்பில் எது மேல்?

ரீஜனலே மேல் என்பது என் கருத்து. கார்ப்பரேட் விமானிகள் திறமை குறைந்தவர்கள் என்பதால் அன்று. 2014 மே 31 அன்று மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் 4, நிற்கும்போது காற்றில் அசையாதிருக்கப் பூட்டி வைத்த கட்டுப்பாட்டுப் பரப்புகளை விடுவிக்காமலே ஓடத் தொடங்கி, ஓடுபாதையைத் தாண்டி எரிந்து, அதிலிருந்த 7 பேரும் இறந்தனர். விமானத்தின் பதிவுக் கருவியை ஆராய்ந்தபோது, அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 விழுக்காட்டில் அந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை முழுமையாகச் செய்யப்படவில்லை என்பது தெரியவந்தது. அதன் விமானிகள் இருவரும் நெடுங்காலம் இணைந்து பறந்தவர்கள். தவறிய பழக்கத்தைச் சுட்டிக்காட்ட மூன்றாவது ஆள் இல்லை. ரீஜனலில் ஒவ்வொரு பயணத்திலும் பக்கத்து இருக்கையில் புதிய முகம் இருக்கும்; பறப்புத் தரவுகளை அலுவலகமும் ஆராயும்.

இன்னொன்று, பின்னிருக்கையில் இருந்து வரும் அழுத்தம். 2001 மார்ச்சில் கொலராடோ மாநிலத்தின் ஆஸ்பனில் ஒரு வாடகை கல்ஃப்ஸ்ட்ரீம் 3 மலையில் மோதி 18 பேர் இறந்தபோது, இறங்கியே தீரவேண்டும் என வாடிக்கையாளர் தந்த நெருக்குதலையும் விசாரணை வாரியம் காரணங்களில் ஒன்றாகக் குறித்தது. ரீஜனலில் வானிலை சரியில்லை என்று திருப்பினால் பயணிகள் முணுமுணுப்பார்கள். உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே கார்ப்பரேட் நேர்காணலில், கடைசியாக எந்தப் பயணத்தை விமானி மறுத்தார், அதன்பின் என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தடுமாறுகிற தலைமை விமானியிடம் சேர வேண்டாம்.

கேள்வி: எந்த வேலை நிலையானது?

இரண்டுமே இல்லை. 2008 நவம்பரில் கார் நிறுவனத் தலைவர்கள் அரசிடம் உதவி கேட்கத் தனி ஜெட்டில் வாஷிங்டன் சென்று ஏச்சு வாங்கியபின், பல நிறுவனங்கள் விமானங்களை விற்றன. 2020-இல் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் ஆகிய ரீஜனல்கள் மூடப்பட்டன.

கேள்வி: எனக்கு 62 வயது. மூன்றாண்டுகளில் ரீஜனலில் கட்டாய ஓய்வு. அதன்பின்?

65 வயது வரம்பு பிரிவு 121-க்கு உரியது. பிரிவு 91-இல் வயது வரம்பு இல்லை; மிகப் பெரிய வாடகை, பங்குரிமை நிறுவனங்களுக்கு மட்டும் 2022 இறுதியில் வந்த சட்டம் 70 என வரம்பு வைக்க இடமளித்தது. மருத்துவச் சான்றும் காப்பீட்டாளரின் சம்மதமும் இருக்கும்வரை பறக்கலாம். ஓய்வு நாளுக்குக் காத்திராமல் 63-லேயே விண்ணப்பியுங்கள். புதிய விமான ரகத்தை ஓட்டத் தேவையான டைப் ரேட்டிங் என்னும் தகுதிக்கான செலவு பெரியது, ஓரிரு ஆண்டுகளே இருப்பவருக்காக அதைச் செலவிட முதலாளிகள் தயங்குவார்கள்.