அச்சத்தின் காரணத்தைத் தேடிப்போன தலைமை: கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்

அச்சமும் துன்பமும் நிறைந்த வாழ்க்கையிலிருந்து வந்த ஒருவர் துணிவும் உண்மையும் உள்ள தலைவராக மாறுவது எப்படி, அதைப் பிறர் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல ஆண்டுகளாக நாகப்பட்டினம் மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களோடு வேலை செய்து வருகிறேன். குழுத் தலைவிகளுக்கு நடக்கும் பயிற்சிகளில், பயத்தை விட்டுவிட்டுத் தன்னம்பிக்கையோடு பேச வேண்டும் என்ற அறிவுரை தவறாமல் இடம்பெறும். அந்த அறிவுரையின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை காலப்போக்கில் குறைந்துவிட்டது. இதே மாவட்டத்தில் அரை நூற்றாண்டு உழைத்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் வாழ்க்கையை அறிந்துகொண்டதுதான் அதற்குக் காரணம். ஆகவே உங்கள் கேள்விக்கு அவரை வைத்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்த மண்ணில் அச்சம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். நாகப்பட்டினம் பகுதியை உள்ளடக்கிய கீழத் தஞ்சையில், அதாவது பழைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், நிலம் மிராசுதார்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. உழைப்பு முழுவதும் நிலமற்ற தலித் மக்களுடையதாக இருந்தது. பண்ணையாள் வேலைக்குப் பிந்தி வந்தால் சாட்டையடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் தண்டனையாகக் கிடைத்த காலம் அது. 1940களில் பி. சீனிவாச ராவ் போன்ற பொதுவுடைமை இயக்கத்தினர் சங்கம் கட்டிய பிறகே அந்தக் கொடுமைகள் ஓயத் தொடங்கின. இதைக் குறிப்பிடாமல் கிருஷ்ணம்மாளைப் பற்றி மட்டும் எழுதுவது நியாயமாகாது. அவர் வருவதற்கு முன்பே அந்த மக்கள் எதிர்த்து நிற்கக் கற்றிருந்தார்கள், அதற்கான விலையையும் கொடுத்திருந்தார்கள்.

அந்த விலையின் உச்சம் கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணி கிராமத்தில் நடந்தது. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, நெற்கூலியை உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடியிருப்பு தாக்கப்பட்டபோது, உயிர் பிழைக்க ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நில உடைமையாளர்களுக்குக் கீழ் நீதிமன்றம் விதித்த தண்டனையைப் பின்னர் உயர் நீதிமன்றம் நீக்கி, அவர்களை விடுவித்தது. கூலி கேட்டதற்காகப் பிள்ளைகளை இழந்து, அதற்கு நீதியும் கிடைக்காதவர்களிடம் போய் அஞ்சாதீர்கள் என்று யாரால் சொல்ல முடியும்? அவர்களுடைய அச்சம் அனுபவத்திலிருந்து வந்தது. அதில் மூடத்தனம் எதுவும் இல்லை.

கிருஷ்ணம்மாள் இந்தப் பகுதியைச் சேர்ந்தவர் அல்லர். 1926இல் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துப் பகுதியில், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். தாய் நாகம்மாள் கருவுற்றிருந்த காலத்திலும் கடும் கூலி உழைப்பில் தேய்ந்ததைச் சிறுமியாகக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர். படித்துப் பட்டம் பெற்று, காந்திய சர்வோதய இயக்கத்தில் சேர்ந்து, வசதியான குடும்பத்தில் பிறந்து அதைத் துறந்து வந்த ஜெகந்நாதனை 1950இல் மணந்தார். சாதி கடந்த திருமணம் அது. நிலம் உள்ளவர்களிடம் நிலமற்றவர்களுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்கும், 1951இல் வினோபா பாவே தொடங்கிய பூதான இயக்கத்தில் கணவன் மனைவி இருவரும் ஊர் ஊராக நடந்து நிலம் கேட்டார்கள்.

வெண்மணிச் செய்தி வந்தபோது அவருக்கு வயது 42. குழந்தைகள் இருந்தார்கள், ஓரளவு நிலைபெற்ற பணியும் இருந்தது. ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தாலும் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வட்டாரத்திலேயே தங்கி வேலை செய்வதென்று இருவரும் முடிவெடுத்தார்கள். அதன்பின் அவருடைய வாழ்க்கை பெரும்பாலும் கீழத் தஞ்சையிலேயே கழிந்தது. துணிச்சலான செயல் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஊர்வலங்களையும் சிறைவாசத்தையும் குறிப்பிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை தங்கியதே எல்லாவற்றிலும் பெரிய துணிவு. வந்து பேசிவிட்டுப் போகிறவர் தரும் தைரியம், அவர் பேருந்து ஏறியதும் அவரோடு போய்விடும். பின்விளைவைச் சந்திக்க வேண்டியவர்கள் ஊரில் இருப்பவர்கள்தான் என்பது அந்த மக்களுக்குத் தெரியும். அதே தெருவில் குடியிருந்து, அவர்கள் உண்டதை உண்டு, அவர்களுக்கு வரும் ஆபத்து தனக்கும் வரும் என்ற நிலையில் இருப்பவர் சொல்லும்போதுதான் ஒரு சொல்லுக்கு எடை வருகிறது. நிலமற்ற தாயின் மகளாகப் பிறந்தது அவருக்கு இந்த இடத்தில் பயன்பட்டது. தன் பழைய வறுமையை மேடையில் சொல்லிக் கண்ணீர் வரவழைக்க அவர் அதைப் பயன்படுத்தவில்லை. ஒரு கூலிப் பெண் எதைச் சொல்லாமல் விழுங்குகிறாள் என்பதைக் கேளாமலே அறியும் திறனாக அது அவரிடம் வேலை செய்தது.

அவருடைய தலைமையின் மையம் என்று நான் கருதுவதற்கு இப்போது வருகிறேன். கீழத் தஞ்சைத் தொழிலாளியின் அச்சத்துக்கு மிகத் தெளிவான ஒரு காரணம் இருந்தது. அவர் குடிசை நின்ற மனையே அவருடையதன்று. மனையும் மிராசுதாருக்குச் சொந்தம், வேலை தரும் வயலும் அவருக்கே சொந்தம் என்னும்போது, கூலி போதாது என்று வாய் திறந்தவர் ஒரே நாளில் வேலையையும் வீட்டையும் இழக்கலாம். வெண்மணிக்குப் பிறகு தமிழக அரசு 1969இல் நியாயக் கூலிச் சட்டத்தையும், 1971இல் குடியிருப்பு மனைகளைக் குடியிருப்பவர்களுக்கே உரிமையாக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தது. மனைப் பட்டா கையில் வந்த பிறகு பேச்சின் தொனியே மாறியதாக எங்கள் பகுதி முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். அச்சம் மனத்தில் தோன்றினாலும், அதன் வேர் நில ஆவணத்தில் இருந்தது. கிருஷ்ணம்மாள் அந்த வேரைப் பிடித்தார். வீடு காப்பாற்றப்பட்டால் போதாது, வயலும் வேண்டும் என்பது அவர் எடுத்த நிலை.

நில உச்சவரம்புச் சட்டம் 1961இலேயே வந்திருந்தது. ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் அளவு) என்றிருந்த வரம்பு 1970இல் 15 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனாலும் பினாமிப் பெயர்களிலும் அறக்கட்டளைகளின் பெயரிலும் நிலம் பதுங்கிக்கொண்டது. அத்தகைய நிலங்களை மீட்க 1970களில் ஜெகந்நாதன் இணையர் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள், கைதானார்கள். பிறகு 1981இல் இருவரும் சேர்ந்து உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். லாப்டி என்ற சுருக்கப் பெயரில் அது அறியப்படுகிறது.

லாப்டியின் செயல்முறையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் துணிவு என்பது அன்றாட வேலையாக எப்படி மாறுகிறது என்பதை அதில்தான் பார்க்க முடிகிறது. நகரங்களுக்குக் குடிபெயர்ந்த நிலவுடைமைக் குடும்பங்களில் நிலத்தை விற்க விரும்பியவர்கள் இருந்தார்கள். அவர்களையும் நிலமற்றவர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, நியாயமான விலையைப் பேசி முடித்து, வங்கிக் கடன் பெற்று, நிலத்தைக் குடும்பத்துக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம் பிரித்துப் பதிவு செய்து, கூட்டாக உழைத்துக் கடனை அடைப்பது என்பதுதான் திட்டம். தொடக்கத்தில் எதுவும் எளிதாக நடக்கவில்லை. ஈடு காட்ட எதுவும் இல்லாத கூலிப் பெண்களுக்குக் கடன் தர வங்கிகள் தயங்கின. சிறுசிறு துண்டுகளாகப் பதிவு செய்யும்போது முத்திரைத் தாள் செலவு தாங்க முடியாத அளவுக்கு ஏறியது. இந்தத் தடைகள் ஒவ்வொன்றுக்காகவும் வங்கி, பதிவு அலுவலகம், தலைமைச் செயலகம் என்று அலைந்து பேசிப் பேசியே அவர் வழி திறந்தார். இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது.

பட்டாக்கள் பெண்களின் பெயரில் எழுதப்பட்டன. ஆணின் பெயரில் இருக்கும் நிலம் சாராயக் கடனுக்கும் அவசர அடமானத்துக்கும் எளிதில் பறிபோகும் என்பது ஊரறிந்த செய்தி. பெண் பெயரில் இருந்தால் அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. நாற்று நடவும் களையெடுப்பும் செய்தே வாழ்ந்த ஒரு பெண், பதிவாளர் முன் நின்று தன் பெயரைச் சொல்லிக் கைநாட்டு வைக்கும்போது அவளுக்குள் நிகழும் மாற்றத்தை எந்தத் தன்னம்பிக்கை வகுப்பாலும் உண்டாக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்த வழிமுறையின் மேல் ஒரு வலுவான விமர்சனம் உண்டு. தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணுக்கு உழைத்தவர்களே ஏன் விலை கொடுக்க வேண்டும், உச்சவரம்புச் சட்டத்தை ஒழுங்காக நிறைவேற்றியிருந்தால் இலவசமாகவே கிடைத்திருக்குமே என்று இடதுசாரி நண்பர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, அதற்கு முழுமையான பதில் என்னிடமும் இல்லை. ஆனால் சட்டம் நிறைவேறும் நாளுக்காக இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டுமா என்ற கேள்வியும் அவர் முன்னால் இருந்தது. வெண்மணியின் நினைவு ஆறாத பகுதியில், நிலவுடைமையாளரின் வீட்டுக்கே போய் அமர்ந்து விலை பேசுவதற்கு, எதிர்த்து முழங்குவதற்கு வேண்டிய துணிவைவிட அதிகத் துணிவு வேண்டும். தன் பக்கத்தார் சந்தேகிப்பார்கள், எதிர்ப்பக்கத்தார் ஏளனம் செய்வார்கள். இரண்டையும் அவர் ஏற்றுக்கொண்டார்.

1990களில் வேறொரு ஆபத்து வந்தது. கடலோரத்தில் பெரிய நிறுவனங்கள் இறால் பண்ணைகளை அமைத்து, கடல்நீரை உள்ளே இழுத்துத் தேக்கின. நிலத்தடி நீர் உப்பானது, வயல்கள் கெட்டன, பாடுபட்டுப் பெற்ற நிலம் பயனற்றுப் போகும் நிலை உண்டானது. அப்போது கிருஷ்ணம்மாள் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார், ஜெகந்நாதன் எண்பதை எட்டியிருந்தார். ஊர்களில் அறப்போராட்டம் நடத்திக்கொண்டே, ஜெகந்நாதன் பெயரில் உச்ச நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தார்கள். 1996 டிசம்பர் 11ஆம் தேதி வந்த தீர்ப்பு, பாரம்பரிய முறைகள் நீங்கலாக, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட கரையோரப் பகுதியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் குட்டைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்றச் சொன்னது. விளைநிலங்களைக் குட்டைகளாக மாற்றுவதையும் தடுத்தது. ஆனால் தீர்ப்பு நடைமுறைக்கு வருவது தடைப்பட்டது, 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அதன் வலிமையை வெகுவாகக் குறைத்துவிட்டது. வென்றதும் தோற்றதும் கலந்த கதைதான் அது. 2008இல் கணவரோடு சேர்த்து அவருக்கு, மாற்று நோபல் பரிசு என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும், 2020இல் பத்மபூஷணும் கிடைத்தன. குடிசைகளுக்குப் பதிலாகக் கல்வீடுகள் கட்டித்தரும் வேலையை முதுமையிலும் அவர் தொடர்ந்தார்.

இதைக் கற்றுக்கொள்ள முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு, முடியும் என்றே சொல்வேன். நான் பணியாற்றும் ஒரு குழுவில், கூட்டங்களில் வாயே திறக்காத உறுப்பினர் ஒருவர் இருந்தார். கூச்ச சுபாவம் என்று எல்லோரும் சொன்னார்கள். தனியாகப் பேசியபோதுதான், ஊரில் செல்வாக்குள்ள ஒருவரிடம் அவர் குடும்பம் வட்டிக்குப் பணம் வாங்கியிருப்பதும், கடன் கொடுத்தவருக்குப் பிடிக்காத ஒன்றைச் சபையில் சொன்னால் மறுநாளே கடனைத் திருப்பிக் கேட்பார் என்பதும் தெரிந்தது. குழு அந்தக் கடனை வங்கிக் கடனாக மாற்றிக் கொடுத்தது. அதன்பின் கிராம சபையில் குடிநீர்க் குழாய் பற்றி முதலில் எழுந்து கேட்டவர் அவர்தான். அவருக்கு நாங்கள் தைரியம் எதையும் ஊட்டவில்லை.

நீங்கள் ஓர் அலுவலகத்திலோ பள்ளியிலோ சங்கத்திலோ பொறுப்பில் இருப்பவராக இருந்தால், உங்களுக்குக் கீழே இருப்பவர் உங்களிடம் உண்மையைச் சொன்னால் எதை இழப்பார் என்று முதலில் விசாரித்துப் பாருங்கள். பதவி உயர்வா, விடுப்பா, ஒப்பந்தப் புதுப்பிப்பா, யாரோ ஒருவரின் தயவா என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆனால் குறிப்பான ஏதோ ஒன்று கட்டாயம் இருக்கும். அதை எழுத்து மூலமான உரிமையாக மாற்ற உங்கள் அதிகாரத்துக்குள் வழி இருந்தால் அதைச் செய்யுங்கள், இல்லையென்றால் உங்களுக்கு மேலே இருப்பவரிடம் போய் உங்கள் பெயரிலேயே அதைக் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது உங்களுக்கும் அச்சம் வரும். நீங்கள் இழக்கக்கூடியது எது என்பதும் அப்போது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும்.