மதியம் மட்டும் மக்கர் செய்யும் ஆர்.வி. ஏசி

கேள்வி: டாலஸில் வசிக்கிறோம். பழைய டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் வீடு போன்ற ஆர்.வி.) ஒன்றை வாங்கி, ஜூலையில் குழந்தைகளோடு கால்வெஸ்டன் போய் கேம்ப் கிரவுண்டில் தங்கினோம். 30 ஆம்ப் இணைப்பு. காலையிலும் இரவிலும் ஏசி நன்றாகக் குளிர்கிறது. மதியம் இரண்டு மணிக்கு மேல் ஃபேன் மட்டும் ஓடுகிறது, காற்று குளிர்வதில்லை. தெர்மோஸ்டாட்டைப் புதிதாக மாற்றியும் அதே கதைதான். பார்க்க வந்தவர், "கேஸ் இறங்கிவிட்டது, நிரப்பலாம்; இல்லையென்றால் யூனிட்டையே மாற்றுங்கள்" என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டையுமே இப்போது செய்யாதீர்கள். இரவில் நன்றாகக் குளிர்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கசிந்துபோன கேஸ் பொழுது சாய்ந்ததும் திரும்பி வந்துவிடுமா?

தெர்மோஸ்டாட் மேலும் எனக்குச் சந்தேகமில்லை. அது பேட்டரியின் 12 வோல்ட்டில் வேலை செய்கிற ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அதன் திரை அணைந்து கிடந்தால் பேட்டரியையும் ஃபியூஸையும் பார்க்க வேண்டும். உங்களுடையது எரிகிறது, ஃபேனும் ஓடுகிறது. ஏசியை அணைத்துப் போட்டால் கம்ப்ரஸர் கிளம்பச் சில நிமிடம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி மறுபடி அணைத்துப் போடாதீர்கள்.

கூரையில் இருக்கும் கம்ப்ரஸருக்கு வேண்டியது 120 வோல்ட். டெக்சஸ் கோடையில் இரண்டு மணிக்கு முகாமில் உள்ள அத்தனை வண்டிகளிலும் ஏசி ஓடும். ஒரு வண்டிக்கு ஒரே ஏசி இருந்த காலத்தில் போட்ட வயரிங்கில் இன்று இரண்டு ஏசி உள்ள பெரிய வண்டிகளை வரிசையாக நிறுத்துகிறார்கள். வார இறுதி வாடகையை ஏற்றத் தெரிகிறது, கம்பியை மாற்ற மட்டும் மனம் வருவதில்லை. விளைவு, உங்கள் பிளக்கில் மின்னழுத்தம் 105க்கும் கீழே இறங்கியிருக்கலாம். அழுத்தம் குறைந்தால் கம்ப்ரஸர் அதிக ஆம்ப் இழுத்துச் சூடாகும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்திவிடும். ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

சுவர்ப் பிளக்கில் செருகும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று வாங்குங்கள். மதியம் ஏசியைப் போடுவதற்கு முன் ஒருமுறை, கம்ப்ரஸர் ஓடும்போது ஒருமுறை பாருங்கள். போடும் முன்பே 108ஐ ஒட்டி இருந்தால் கோளாறு முகாமின் கம்பியில். முதலில் 120 காட்டி, ஓடும்போது 100க்குச் சரிந்தால் உங்கள் கேபிளையும் பிளக்கையும் பாருங்கள். பிளக்கின் பித்தளைத் தகடு கறுத்திருந்தாலோ, பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ பிளக்கை மாற்றியே ஆக வேண்டும். அது தீ விபத்தில் முடியும். மின்னழுத்தம் திடீரென எகிறுவதைத் தடுக்கும் வெறும் 'சர்ஜ் புரொடெக்டர்' இதற்கு உதவாது. கடையில் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். குறைந்த மின்னழுத்தத்தில் தானே துண்டிக்கிற வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, 30 ஆம்ப் என்றால் மொத்தமே 3,600 வாட். ஏசிக்குச் சுமார் 13 ஆம்ப், மின்சாரத்தில் ஓடும் வாட்டர் ஹீட்டருக்கு 12. மதியச் சாப்பாட்டைச் சுட வைக்க மைக்ரோவேவையும் போட்டால் தாங்காது. ஹீட்டரைப் புரொப்பேன் எரிவாயுவில் ஓடும்படி மாற்றிவிடுங்கள்.

இனி அந்த 'கேஸ்' விஷயம். ஊரில் ஸ்பிளிட் ஏசிக்குக் கேஸ் நிரப்பிப் பழகியவர்கள் நாம், அதனால் யாராவது அப்படிச் சொன்னால் உடனே தலையாட்டிவிடுகிறோம். ஆர்.வி. கூரை ஏசி தொழிற்சாலையிலேயே அடைத்து மூடப்பட்டது. கேஸ் நிரப்பும் வால்வே அதில் இருக்காது. கேஸ் நிரப்பியதாகப் பணம் கொடுத்த ஒரு குடும்பத்தின் வண்டியில் ஏறி மேல்மூடியைக் கழற்றினேன். குழாயில் ஒரு கீறல்கூட இல்லை! சீசனில் டீலரிடம் நாள் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால்தான் இப்படிப்பட்டவர்கள் பிழைக்கிறார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மின்னழுத்தம் 118, 120 என்று சரியாக இருக்கிறது; ஃபேனை அடுத்துக் கம்ப்ரஸர் கிளம்பும் கனத்த சத்தமும் கேட்கிறது; ஃபில்டரைக் கழுவியாயிற்று, காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் பனி கட்டவில்லை; அப்படியும் காலை, இரவு எந்த நேரத்திலும் குளிரவில்லை என்றால் கேஸ் கசிந்திருக்கலாம். நான்கும் சேர்ந்திருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் கேஸ் என்று முடிவு கட்டாதீர்கள். குழாயில் வால்வு பொருத்தி நிரப்ப முடியாதா என்றால், முடியும். அதற்கு அமெரிக்கச் சட்டப்படி இ.பி.ஏ. (சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) சான்றிதழ் பெற்றவர் வேண்டும். கசிகிற இடத்தையும் அவர் அடைக்க வேண்டும். அடைக்காமல் நிரப்பினால் மறுபடியும் கசியும். பழைய யூனிட்டுக்கு இவ்வளவு செலவு தகாது. அந்த நிலையில்தான் புதிய யூனிட்.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் மதியச் சூட்டில் மட்டும் கம்ப்ரஸர் உறுமிவிட்டு நின்றால், கம்ப்ரஸர் கிளம்ப உதவும் கெபாசிட்டர் பழுதாகியிருக்கலாம். மலிவான பாகம்தான். ஆனால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் மின்னேற்றம் நிற்கும், நீங்கள் கை வைக்காதீர்கள். ஆர்.வி. டெக்னீஷியனை அழைத்து, "கெபாசிட்டரைச் சோதித்து அளவைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்த முறை மீட்டர் 105க்குக் கீழே காட்டினால் ஏசியை அணைத்துவிட்டு, மீட்டரைப் படம் எடுத்து முகாம் அலுவலகத்தில் காட்டி வேறு இடம் கேளுங்கள். முகாமின் மின்சாரம் பிரியும் மெயின் பேனலுக்குப் பக்கத்தில் உள்ள இடமாகக் கேட்டு வாங்குங்கள்.